குட்டிக்கு வைத்த பரீட்சை

விளக்கேற்றிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. குடிலுக்கு வெளியே கல்லின் மேல் எதையோ இழுத்துவரும் சத்தம் கேட்டது. கரகரவென்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

அமலி எழுந்து, பாயில் தூங்கும் பிள்ளைக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள். கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது. இந்த ஆசிரமத்துக்கு வந்த நாளிலிருந்து அவள் அதற்குத் தாழ் போட்டதில்லை. புருஷன் வீட்டில் தாழ் விழும் சத்தத்துக்குப் பிறகுதான் அடி விழும்.

கதவிடுக்கில் ஒரு கறுப்பு மூக்கு தெரிந்தது.

“அம்மா!” என்று கத்தினாள்.

பூரணி அம்மாள் அரிக்கேன் விளக்கோடு வந்தார். ஆசிரமத்துக்கு அவர்தான் குரு. வயதில் அமலியைவிட இளையவர். அமலி அவரை அம்மா என்பாள், அவர் அமலியை அக்கா என்பார்.

“என்ன அக்கா, திருடனா?”

“நாய்க்குட்டிம்மா. கட்டியிருந்த முளையைப் பிடுங்கிக்கிட்டு வந்திருக்கு.”

நாய்க்குட்டியின் கழுத்தில் கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் முளைக்கட்டை.

“கட்டிப்போட ஆள் தேடி, முளையையும் கையோட கொண்டாந்திருக்கு. பொறுப்பான குட்டி” என்றார் பூரணி.

அமலி சிரிக்கவில்லை.

குட்டியின் தாய், ஆட்டு மந்தை வைத்திருக்கும் சடையாண்டியிடம் காவலுக்கு இருந்தது. போன மாதம் அவர் பேரனைக் கடித்துக் குதறிவிட்டது. ஊரார் அதை அடித்துக் கொன்றார்கள். மிஞ்சிய ஒரு குட்டியைப் பூரணி இன்றுதான் தூக்கி வந்தார். ‘இங்கே பிள்ளைக்காரி நீங்கதான். வேணும்னா இருக்கட்டும், வேண்டாம்னா நாளைக்குக் காலையில சடையாண்டி மலையில கொண்டுபோய் விட்டுடுவார்’ என்று அமலியிடம் சொல்லியிருந்தார். மலையில் விட்ட குட்டி ஒரு ராத்திரி தாங்காது.

சாயங்காலம் சடையாண்டி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “அந்த வயித்துல பொறந்தது வேற எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்துல சயின்ஸ் நடத்தினவங்களாமே, பரீட்சை வேணா வெச்சுப் பாருங்க டீச்சரம்மா.”

“வெச்சுப் பார்த்தேன்மா” என்றாள் அமலி இப்போது. “ஒரு கையில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, குட்டிக்குப் பின்னால தட்டைக் கீழே போட்டேன். முடியைச் சிலிர்த்துக்கிட்டு உறுமுது. ஒவ்வொரு தரமும் அதேதான். தாய் கொடுத்த புத்தி. முக்கால் பங்காவது இருக்கும்.”

“மீதிக் கால்?”

“அது வளர்ப்பு.”

“முக்கால் எந்தப் பக்கம் அக்கா? பல்லு பக்கமா, வாலு பக்கமா?”

“விளையாடாதீங்கம்மா.”

“சரி, நானும் ஒரு தரம் பார்க்கிறேனே. கயிறு என்கிட்ட இருக்கட்டும். நீங்க போடுங்க.”

பூரணி வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றை மடியில் போட்டுக்கொண்டார். அமலி எவர்சில்வர் தட்டை எடுத்துக் குட்டிக்குப் பின்னால் போட்டாள்.

குட்டி திடுக்கிட்டுத் திரும்பியது. காதைத் தூக்கிப் பார்த்தது. பிறகு போய்த் தட்டை நக்கியது.

“திடுக்கிட்டுச்சே” என்றாள் அமலி.

“ஆமா. அது தாய் கொடுத்ததா இருக்கலாம்.”

“ஆனா உறுமவே இல்லை.”

“இல்லை.”

“என்கிட்ட மட்டும் ஏன் உறுமிச்சு?”

“கையைக் காட்டுங்க.”

அமலி வலது கையை விரித்தாள். உள்ளங்கையின் குறுக்கே கயிறு பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. “இவ்வளவு இறுக்கியா பிடிச்சிருந்தேன்?” என்றாள்.

பூரணி கயிற்றை எடுத்து அந்தக் கையில் கொடுத்தார். குட்டி தட்டின் பக்கம் இழுத்தது. அமலி இந்தப் பக்கம் இழுத்தாள். கயிறு விறைத்து நின்றது.

“இந்த இழுப்புல குட்டியோட பங்கு எவ்வளவு, உங்க பங்கு எவ்வளவு? அளந்து சொல்லுங்க டீச்சர்.”

“ரெண்டு பேரும் இழுத்தாத்தானே இழுப்பு?”

“விடுங்க.”

விட்டாள். கயிறு தரையில் விழுந்தது. அளக்க அங்கே ஒன்றும் இல்லை.

குட்டி தட்டை நக்கித் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் மோதியது. அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து வீரிட்டான். அமலி வாரித் தூக்கினாள். தோளில் போட்டுத் தட்டினாள். முகம் சிவந்து, கையை முறுக்கிக்கொண்டு அழுதான்.

“அம்மா, நான் கேட்டது குட்டியைப் பத்தி மட்டும் இல்லை” என்றாள் தணிந்த குரலில்.

“தெரியும்.”

“இவன் கையைப் பாருங்க. அடிக்கிறதுக்கு முன்னாடி இவன் அப்பாவும் இப்படித்தான் முறுக்குவார். இதுவும் அவர் கொடுத்த புத்திதானோ?”

பூரணி விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்.

“உள்ளே என்ன வெச்சிருக்கான்?”

அமலி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளே அவளுடைய முந்தானை நுனி, கசங்கி, வியர்வையில் நனைந்து இருந்தது. அதை எடுத்ததும் பிள்ளை இன்னும் பெரிதாக அழுதான். திருப்பிக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடினான்.

“பெரியவன் ஆனப்புறம்?”

“அப்பவும் கயித்துக்கு ரெண்டு முனை இருக்கும் அக்கா.”

பூரணி விளக்கை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். பாதி தூரம் போய்த் திரும்பினார்.

“காலையில சடையாண்டி வருவாரே, என்ன சொல்லட்டும்?”

அமலி பிள்ளையைத் தோளில் சாய்த்தபடியே குனிந்து, ஒரு கையால் குட்டியின் கழுத்து முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றையும் முளையையும் வெளியே வைத்தாள். குட்டி அவளுக்கு முன்னால் உள்ளே போய்ப் பாயின் ஓரத்தில் சுருண்டது.

கதவு மூடியது.

பூரணி முற்றத்திலேயே நின்று காத்திருந்தார். உள்ளிருந்து தாழ் விழும் சத்தம் கேட்டது.