அப்பாவின் எண்பதாவது பிறந்த நாள்

மங்கையர்க்கரசி ஐம்பதைத் தாண்டியவள். குரு அவளைவிடச் சின்னவர். ஆனாலும் வாய் நிறைய "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. எந்தப் புடவை கட்டுவது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கேட்பாள்.

அன்று காலை செல்போனும் கையுமாக வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் குழப்பம்.

"ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு எண்பதாவது பிறந்த நாள் விழா, சாமி. நான் மேடையேறி அவரைப் புகழ்ந்து பேசணுமாம். போகட்டுமா, வேண்டாமா?"

"பேசறதுல என்ன கஷ்டம்?"

"சின்ன வயசுல நான் நல்ல மார்க் வாங்கினா 'என் ரத்தம்'னு ஊரெல்லாம் சொல்வார். குறைஞ்சா 'உங்கம்மா வழி'ம்பார். அம்மா செத்தன்னிக்குக்கூட நாங்க அழக்கூடாது. 'என் கஷ்டம் உங்களுக்குப் புரியலை'ன்னு கத்தினார். இப்பப் போகலைன்னா நான் நன்றி கெட்டவ. போனா, நான்னு ஒருத்தி இருக்கேனான்னே எனக்குத் தெரியாமப் போயிடும். தப்பு அவர் மேலயா, என் மேலயா, அதுவும் புரியலை."

குரு எழுந்தார். உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் கொண்டு வந்து நீட்டினார்.

"குடிங்க. உப்பு சரியா இருக்கா?"

ஒரு வாய் குடித்தாள். குருவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரித்த முகமாக இருந்தார்.

"சரியா இருக்கு சாமி."

"நான் உப்பே போடலையே."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுது. ஆனா நீங்க சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. என் நாக்குதான் சரியில்லைன்னு நினைச்சுட்டேன்."

குரு உள்ளேயிருந்து உப்பு ஜாடியை எடுத்து வந்து அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு சிட்டிகை போட்டுக் குடித்துப் பார்த்தாள். போதவில்லை. இன்னும் கொஞ்சம் போட்டாள்.

"இப்ப நல்லா இருக்கு," என்றாள் டம்ளரைப் பார்த்தபடியே.

மிச்சத்தையும் குடித்து முடித்தாள். மனசு கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது.

"எனக்குப் போக இஷ்டமில்லை, சாமி. வரலைன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்." போனை எடுத்தவள் தயங்கினாள். "சொல்லிடலாம்தானே?"

கேட்டுவிட்டு, மறுபடியும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குரு தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தலையோடு சேர்த்து முகத்தை முழுசாக மூடிக்கொண்டார்.

"இப்பக் கேளுங்க," என்றார்.