இருமிக்கொண்டிருந்த பிள்ளை

"என் பிள்ளைய நான்தான் கொன்னேனா, டாக்டரம்மா?"

சுருளிவேல் உட்காராமலே கேட்டான்.

டாக்டர் ஜமீலா கம்பம் ஊரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். அவருக்கும் அவனுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. மாடிப்படியில் விழுந்த பிள்ளை, சுடுதண்ணீர் கொட்டிக்கொண்ட பிள்ளை, காசை விழுங்கிய பிள்ளை என்று சுற்றுவட்டாரமே அவரிடம்தான் ஓடிவரும். சுருளிவேலின் பிள்ளை வந்து சேரவில்லை. வழியிலேயே முடிந்துவிட்டது.

அவன் திராட்சைத் தோட்டக்காரன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் இசைவாணி. இரண்டு வயது. பந்தலுக்குக் கீழே நின்று பழம் கேட்டாள். பறித்து முழுசாகக் கொடுத்தான். அது தொண்டையில் அடைத்துக்கொண்டது.

விதி என்றார் பூசாரி. ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள் சொந்தக்காரர்கள். மனைவி பவுன்தாய் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே வந்தான்.

டாக்டர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தான்.

"அடைச்சதும் பாப்பா என்ன செஞ்சா?"

"இருமினா."

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. கண்ணெல்லாம் தண்ணி. என்னையே பாத்துக்கிட்டு இருமினா."

"நீங்க?"

"வாய்க்குள்ள விரல விட்டு எடுக்கப் பாத்தேன்."

"பழம் தட்டுப்பட்டுச்சா?"

"விரல் நுனியில பட்டுச்சு. வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு."

"அப்புறம்?"

"சத்தம் நின்னுபோச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் என்னைத் தேத்துறாங்கம்மா. நீங்களாவது உள்ளதச் சொல்லுங்க."

"இருமுற பிள்ளைய இரும விட்டிருக்கணும், சுருளிவேல். அந்த இருமலே பழத்த வெளிய தள்ளியிருக்கலாம். விரல் அத உள்ள தள்ளிருச்சு."

அவன் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"என் விரலுக்கு அது அன்னைக்கே தெரியும்மா."

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னால் இருக்கும் ஹாலில் தாய்மாருக்கு முதலுதவி சொல்லிக்கொடுப்பதாகவும், அவனும் வரலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

"எனக்கு இனி எதுக்கு? வீட்ல பிள்ளை இல்லையே."

டாக்டர் மணியடித்து அடுத்த பிள்ளையை வரச் சொன்னார்.

அந்தப் போகத்தில் சுருளிவேல் பழம் வெட்டவில்லை. வியாபாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொத்துக் கொத்தாகப் பந்தலிலேயே அழுகியது. வீட்டுக்குப் போனால் பவுன்தாய் பாப்பாவின் கவுன்களைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கே போவதென்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அடுத்த வாரமும் போனான். அதன் பிறகும் போனான்.

சூடு பட்ட இடத்தில் பற்பசை பூசாமல் குழாய்த் தண்ணீரில் வெகுநேரம் காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தலையில் அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது என்றார். இரண்டு வயதுப் பிள்ளை அளவுள்ள பயிற்சிப் பொம்மை கைமாறி வரும்போதெல்லாம் சுருளிவேல் அதைத் தொடாமல் பக்கத்து ஆளுக்கு வழிவிட்டான்.

ஒரு வாரம் தொண்டை அடைப்பு பற்றிய பாடம். வாயில் விரலை விடக் கூடாது என்று சொல்லி, செய்ய வேண்டியதை டாக்டர் பொம்மையில் செய்துகாட்டினார். அன்னலட்சுமி என்ற பெண் இடுப்பில் பிள்ளையோடு எழுந்தாள். கண்ணெதிரே பிள்ளை திணறும்போது விரலை விடாமல் எப்படிச் சும்மா நிற்பது என்று கேட்டாள்.

டாக்டர் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"சுருளிவேல், அன்னைக்கு நீங்க செஞ்சதச் செஞ்சு காட்டுங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

அவன் எழுந்து முன்னால் வந்தான். பொம்மையின் வாய்க்குள் விரலை விட்டான். வெளியே எடுத்தான். விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இப்படித்தான் நாமளும் செஞ்சிருப்போம்னு நினைக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் டாக்டர்.

யாரும் அசையவில்லை. பிறகு அன்னலட்சுமி தூக்கினாள். ஓர் அங்கன்வாடி டீச்சர் தூக்கினார். ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் மேலே போயின.

டாக்டரும் கையைத் தூக்கியிருந்தார்.

சுருளிவேல் அந்தக் கைகளைப் பார்த்தான். ஆறுதலாக இல்லை. இத்தனை கைகளா என்று பயமாக இருந்தது.

"இருமல் நின்னுபோனா என்ன செய்யணும்? அதையும் நீங்களே காட்டுங்க."

முதலில் யாரையாவது ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்ல வேண்டும் என்றான். தரையில் உட்கார்ந்து பொம்மையை மடியில் குப்புறப் போட்டான். அதன் தலை தாழ்ந்து தொங்கியது. தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்தான். தட்டினான்.

"தடவாதீங்க. அடிங்க."

அடித்தான்.

"இன்னும் பலமா."

"வலிக்கும்மா."

"வலிக்கட்டும்."

அடித்தான். பொம்மையை நிமிர்த்தி அதன் பின்னால் மண்டியிட்டான். தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக அழுத்தினான். மறுபடி முதுகு. மறுபடி வயிறு. எல்லாம் சரியாக இருந்தது.

"எப்பண்ணே நிறுத்துறது?" என்று அன்னலட்சுமி கேட்டாள்.

பிள்ளை துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்த வேண்டும், அது அடுத்த பாடம் என்றார் டாக்டர். அவள் சுருளிவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் நிமிரவில்லை.

"பழம் வெளிய வரணும், தாயி. பிள்ளை அழணும்."

பொம்மையை மறுபடி மடியில் போட்டான்.

"அழுற சத்தம் கேக்கணும். அதுவரைக்கும் நிறுத்த முடியாது."