போகிப் புகையில் ஓடியவர்கள்

வடசென்னையில் ஒரு கால்பந்து கிளப். அதன் சீனியர் டீமில் உள்ளூர்ப் பிள்ளை ஒருவன்கூட இல்லை என்பது பேட்டைக்கே தீராத குறை. அதைத் தீர்க்கத்தான் அகாடமி தொடங்கினார்கள். பிள்ளைகளை வளர்த்தெடுக்கும் வேலை புகழேந்தியிடம் வந்தது.

புகழேந்தியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஷூ இல்லாதவனுக்கு ஷூ, சாப்பிடாமல் வந்தவனுக்கு இட்லி என்று ஒவ்வொருவனையும் பெற்ற பிள்ளையாகப் பார்த்தான். வாயால் சொல்லிக்கொடுப்பதில் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. எதையும் தானே ஓடிக் காட்டுவான். இடது முட்டியில் பழைய அடி. காலை லேசாக இழுத்துக்கொண்டுதான் ஓடுவான்; பந்தை உதைக்கும் முன் முட்டியை ஒருமுறை தொட்டுக்கொள்வான். வலியோடு ஓடுகிற மனுஷன் என்று பேட்டையில் நல்ல பெயர்.

ஆனாலும் ஒவ்வொரு வருடமும் சீனியர் டீம் தேர்வில் அவன் பிள்ளைகள் தேறாமலே போனார்கள். "நல்லா ஆட்றாங்க, ஆனா அரை நொடி லேட்டு" என்பார்கள் தேர்வாளர்கள். இந்த முறை கமிட்டி பொறுமை இழந்தது. பொங்கல் முடிந்து நடக்கும் தேர்விலும் ஒருவனும் தேறாவிட்டால் அகாடமியை மூடிவிட்டு வெளியூர் ஆட்டக்காரர்களோடே தொடர்வோம் என்றது.

புகழேந்தி தேவநேசன் மாஸ்டரிடம் போனான். அவனுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

"எம் பசங்ககிட்ட இன்னா கொறை மாஸ்டர்?"

"போகி அன்னிக்கு விடிகாலைல ஆட வையி. நீ கிரவுண்டுல எறங்காத. யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிடு. நானும் வரேன்."

"அன்னிக்குப் பொகையா இருக்குமே. மூஞ்சியே தெரியாது."

"தெரிய வேணாம்."

போகியன்று தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரிந்தன. மைதானத்தில் புகையும் பனியும் கலந்து நின்றதில் கோல் போஸ்ட்கூடத் தெரியவில்லை. இருவரும் ஓரத்துச் சிமென்ட் படியில் உட்கார்ந்தார்கள். பந்து உதைபடும் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

கொஞ்ச நேரத்தில் காலடிகள் தனியாகக் கேட்கத் தொடங்கின. டப், சர்ர். டப், சர்ர். ஒரு கால் ஊன்றுகிறது, இன்னொரு கால் மண்ணைத் தேய்க்கிறது. புகழேந்தி தினமும் கேட்கிற சத்தம்தான், அவன் ஓடும்போது வருகிற சத்தம். ஆனால் இப்போது அவன் உட்கார்ந்திருந்தான்.

புகைக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. இடது காலை இழுத்துக்கொண்டு ஓடி மறைந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதுவும் இழுத்தது. நெட்டையும் குட்டையுமாக வந்த எல்லாமே உதைக்கும் முன் ஒரு கணம் நின்று, இடது முட்டியைத் தொட்டுவிட்டு உதைத்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். ஒரு பிள்ளையைக்கூட அடையாளம் தெரியவில்லை. அத்தனையும் அவனாகவே இருந்தது.

"இவனுங்க யாருக்கும் அடிபடலையே மாஸ்டர்."

"இல்ல."

"நான் இத சொல்லிக் குடுக்கவே இல்ல."

"நீ எதத்தான் சொல்லிக் குடுத்த?"

புகழேந்தி விசிலை எடுத்துக்கொண்டு எழுந்தான். "தேர்வுக்குள்ள மாத்திட்றேன். இப்பவே போறேன்."

மாஸ்டர் அவன் கையைப் பிடித்தார்.

"எப்படி மாத்துவ? ஓடிக் காட்டுவியா?"

புகழேந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டான். இத்தனை ஆசையாக வளர்த்து இப்படி ஆக்கிவிட்டோமே என்று அழுகை வந்தது. கை தன்னால் முட்டிக்குப் போனது. இது எந்த மேட்சில் பட்ட அடி? ஆடிய மேட்சையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். எதிலும் விழுந்ததாக ஞாபகம் இல்லை.

மைதானத்தில் சத்தம் நிற்கவில்லை. மாஸ்டர் எழுந்து படியிறங்கி நடந்தார். அவருக்கும் இடது கால்தான் மண்ணைத் தேய்த்தது. சின்ன வயதிலிருந்து புகழேந்தி பார்த்துப் பழகிய நடை.

"மாஸ்டர்," என்றான். "உங்களுக்கு எந்த மேட்ச்ல அடிபட்டுச்சு?"

தேவநேசன் திரும்பாமலே சொன்னார்.

"எனக்கு எங்கடா அடிபட்டுச்சு? எங்க மாஸ்டரு இப்படித்தான் ஓடுவாரு."