புள்ளி வைக்காத ஓலை

முன்னொரு காலத்தில் குவளை நாட்டை இடும்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. விடியலில் காக்கை கரைந்து தூக்கம் கெட்டால் நாட்டிலுள்ள காக்கைகளை எல்லாம் நாடு கடத்தச் சொல்வான். உச்சிப்பொழுதில் விருந்தாளி வந்துவிட்டால் அதே காக்கைக்கு நெய்ச்சோறு வைப்பான்.

அவனிடம் இருபது வருஷமாகக் குப்பை கொட்டிய அமைச்சர் தில்லைவிடங்கர், வாய் திறக்குமுன் ராஜாவின் மீசையைப் பார்ப்பார். மேலே முறுக்கியிருந்தால் பேசலாம். தொங்கினால் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போய்விடலாம். அன்று மீசை நடுவாந்தரமாக இருந்தது. சரி, வந்தது வரட்டும் என்று எழுந்தார்.

"மகாராஜா, நம் கல்விச்சாலையில் தருக்கம் சொல்லித்தர ஆள் இல்லை. ஒருவனைக் கண்டுபிடித்திருக்கிறேன். பெயர் வேங்கையன்."

சபை மூச்சை உள்ளே இழுத்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் உப்புவரியை எதிர்த்துக் கலகம் செய்து, சுங்கச்சாவடிக்குத் தீ வைத்தவன் அல்லவா அவன்! அந்தத் தீயில் சாவடிக் காவலன் சடையாண்டிக்கு இடது கால் போயிற்று. வேங்கையன் தண்டனை முடிந்து போன மாதம்தான் வெளியே வந்திருந்தான்.

கல்விச்சாலைத் தலைவர் வச்சிரநாத பண்டிதர் துள்ளி எழுந்தார். அந்த வேலையில் தன் மைத்துனரை உட்கார வைக்க வெகுநாளாகக் காத்திருந்தவர் அவர். "கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலை சொறியச் சொல்கிறாரே அமைச்சர்! வேலைக்குச் சிறைச்சாலையிலா ஆள் தேடுவது?"

"அங்கேதான் அவன் பாடம் நடத்தினான், பண்டிதரே. ஒருநாள் பாடம் கேட்ட சுவாரசியத்தில் காவலர்கள் கதவைப் பூட்ட மறந்துவிட்டார்கள். ஒரு கைதியும் ஓடவில்லை. பாடம் பாதியில் இருந்ததாம்."

ராஜா சிரித்தான். மீசை ஒரு விரற்கடை ஏறியது.

பண்டிதர் விடவில்லை. ராஜாவின் பாட்டனார் எழுதிவைத்த சாலைச் சட்ட ஓலையை எடுத்துவரச் செய்து, உரக்கப் படித்தார். "கொலை நாடியவன் சாலை ஏறான்! கேட்டீர்களா மகாராஜா? கொலை செய்தவன் கூட இல்லை, நாடியவனே ஏறக்கூடாது!"

மீசை தொங்கியது. "பாட்டனார் வாக்கு. எழுத்து பிசகாமல் நடக்கட்டும்."

"எழுத்துக்கு எழுத்து!" என்றார் பண்டிதர்.

அமைச்சருக்கு நாக்கு உலர்ந்தது. ஓலையை வாங்கி ஒருமுறை பார்த்தார். உலர்ந்த நாக்கில் சர்க்கரை விழுந்தாற்போல் இருந்தது.

"எழுத்துக்கு எழுத்துத்தானே, பண்டிதரே? பேச்சு மாறாதே?"

"மாறாது!"

"மகாராஜா, எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று ஏடு எழுதுகிறவர்கள் புள்ளியே வைப்பதில்லை. பழைய எழுத்தில் கொ என்பதற்கும் கோ என்பதற்கும் உள்ள வித்தியாசமே கொ-வின் தலையில் வைக்கும் ஒரு புள்ளிதான். ஆகவே இதைக் 'கோலை நாடியவன் சாலை ஏறான்' என்றும் படிக்கலாம்."

எல்லார் கண்ணும் பண்டிதரின் கக்கத்துக்குப் போயிற்று. அங்கே அவருடைய பிரம்பு இருந்தது. ராஜா தன்னையறியாமல் வலது முட்டியைத் தடவிக்கொண்டான். அவனும் பண்டிதரிடம் படித்தவன்.

"பாட்டனார் கொலையைத்தான் சொன்னார்! பச்சைக் குழந்தைக்கும் தெரியும்!"

"பச்சைக் குழந்தைகளின் முட்டியைத்தான் கேட்க வேண்டும்."

"அதிருக்கட்டும் அமைச்சரே, என் செங்கோல்?" என்றான் ராஜா கவலையோடு.

"விலக்கு ஒன்றும் ஓலையில் இல்லை, மகாராஜா."

ராஜா செங்கோலை மெல்ல ஆசனத்துக்குப் பின்னால் நகர்த்தினான். "கோலும் வேண்டாம், வம்பும் வேண்டாம். வேங்கையனுக்கே வேலை!"

அமைச்சர் மூச்சுவிட்டார். அதற்குள், அவர் அழைத்துவந்து வாசலோரம் நிறுத்தியிருந்த வேங்கையன் கைகூப்பினான்.

"மகாராஜா, ஓலையை எப்படிப் படித்தாலும் அன்று நான் நாடியது கோலை அல்ல. உள்ளே ஆள் இருப்பது தெரிந்துதான் தீ வைத்தேன்."

'காரியத்தைக் கெடுத்தானே பாவி!' அமைச்சருக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அவருக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு நேரம் புள்ளியைப் பற்றிப் பேசினோம், சடையாண்டியின் காலைப் பற்றி யார் பேசினார்கள்?

"மகாராஜா, இந்த ஓலையில் புள்ளி வைக்க எனக்கும் உரிமையில்லை, பண்டிதருக்கும் இல்லை. சடையாண்டி வைக்கட்டும்" என்றார் அமைச்சர்.

இப்போது அரண்மனை வாயில் காக்கும் சடையாண்டி, பேச்சையெல்லாம் அங்கிருந்தே கேட்டிருந்தவன், ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வந்தான்.

"கோலை நாடியவன் நான்தானுங்க மகாராஜா. பதினஞ்சு வருஷமா இதில்லாம எந்திரிக்க முடியாது. அமைச்சரய்யா படிச்சபடி பார்த்தா, சாலைக்குள்ள ஏறக்கூடாதவன் நான். தீ வெச்சவன் ஏறலாம். நல்லா இருக்குதுங்க நியாயம்!"

அமைச்சர் தலை குனிந்தார். பண்டிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நீங்க சிரிக்காதீங்க பண்டிதரய்யா. இவனை நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன். ஆனா இவன் படிப்பைப் பூட்டி வெச்சா என் கால் முளைக்கப் போகுதா? சொல்லிக் குடுக்கட்டும். வருஷா வருஷம் முதல் பாடம் மட்டும் அந்தத் தீ. வீரக்கதையாச் சொல்லக் கூடாது. முன்வரிசையில நான் உக்காந்திருப்பேன்."

மீசை மேலே ஏறி நின்றது. "அதுவே தீர்ப்பு! சடையாண்டி இனிமேல் சாலை வாசலுக்குக் காவல். ஊன்றுகோல் தவிர எந்தக் கோலும் உள்ளே போகாது. பண்டிதரே, முதலில் உம்முடையதை அவனிடம் கொடும்!"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். மத்தியானத்துக்குள் மனசு மாறிவிடுமே என்று அமைச்சர் அதை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

முதல் பாடத்தன்று அவரும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் பண்டிதர், வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார். வேங்கையன் தொண்டையைச் செருமினான்.

"ஒரு நாள் சுங்கச்சாவடியில் தீப்பிடித்தது..."

முன்வரிசையில் 'டொக்' என்று ஊன்றுகோல் தரையில் தட்டியது.

"தானாவா பிடிச்சுது?"

வேங்கையன் சடையாண்டியை நேராகப் பார்த்தான்.

"நான் வைத்தேன்."

"ம். மேலே சொல்லுங்க, வாத்தியாரே."