‘அவள்’ என்று தொடங்கிய பாட்டு

“அம்மா, என் பாட்டைக் கேட்டு யாரும் அழ மாட்டேங்கிறாங்க” என்றார் அரிஸ்தோன்.

யாழுக்கு நரம்பு முறுக்கிக்கொண்டிருந்த நிக்கரெத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கிரேக்கத் தீவில் பாட்டுக் கட்டச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அரிஸ்தோனின் மகள் வயதுதான் அவளுக்கு இருக்கும்.

அரிஸ்தோன் கப்பலோட்டி. நடுக்கடலில்கூட யாரிடமும் வழி கேட்காத மனிதர். பாட்டுக்கு வழி கேட்டு வந்திருந்தார்.

அவர் மனைவி குளோரிஸ், அக்காவைப் பார்க்கப் பக்கத்துத் தீவுக்குப் போனாள். படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை.

அப்படிப் போனவர்களுக்கு அந்த ஊரில் வெற்றுக் கல்லறை கட்டுவார்கள். வீட்டு ஆள் அதன் முன் நின்று பாடி அழைக்க வேண்டும். அழைத்தால் உயிர் வந்து அங்கே அடங்கும். அதன் பிறகுதான் கீழுலகத்து ஓடக்காரன் ஆற்றைக் கடக்க அதை ஏற்றிக்கொள்வான். அழைக்காவிட்டால் இக்கரையிலேயே கிடந்து அலைய வேண்டியதுதான்.

கல்லறை கட்டி முடித்தாகிவிட்டது. பாட்டுதான் பாக்கி.

“பாடுங்க” என்றாள் நிக்கரெத்தி.

காவியமாகவே பாடினார். கலைத்தேவியை வணங்கித் தொடங்கினார். புயலைச் சிங்கத்துக்கு ஒப்பிட்டார். சிங்கம் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்தது. இடையன் எழுந்தான். நாய்கள் குரைத்தன. படகு கவிழ வெகுநேரம் பிடித்தது.

“சிங்கம் நல்லா இருக்கு. உங்க வீட்டுக்காரி எங்கே?”

“படகுலதாம்மா இருக்கா.”

“என் கண்ணுக்குப் படலையே.”

மறுபடி வந்தார். இந்தத் தடவை நாடகம். அதில் பெண்கள் குழு ஒன்று வட்டமாகச் சுற்றி வந்து மார்பில் அடித்துக்கொண்டது.

“இவங்க நல்லா அழறாங்க. நீங்க எப்ப அழுவீங்க?”

முகம் சுண்டிப்போய்த் திரும்பினார். அடுத்த முறை கொண்டுவந்தது இரங்கற்பா, இரண்டிரண்டு அடியாக.

“அவள் தறியின் முன் அமர்ந்திருப்பாள். நூல் அறுந்தால் தறியையே திட்டுவாள். அவள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள்...”

நிக்கரெத்தி யாழைக் கீழே வைத்தாள்.

“இதை யாருக்குச் சொல்றீங்க?”

“ஊருக்கு.”

“ஊருக்குத்தான் அவங்களைத் தெரியுமே. ‘அவள்’னு வர்ற இடத்திலெல்லாம் ‘நீ’ன்னு மாத்திப் பாடுங்க.”

அரிஸ்தோன் வாயைத் திறந்தார்.

“நீ...”

அதற்கு மேல் வரவில்லை.

“இது இலக்கணத்துல உண்டா அம்மா?”

“உண்டு. எதிர்ல இல்லாதவங்களை எதிர்ல இருக்கிறதா நெனச்சுப் பேசறது. பாடறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச அணிதான். உவமை தெரியுது உங்களுக்கு, அடைமொழி தெரியுது. இது மட்டும் எப்படி விட்டுப்போச்சு?”

அவர் தலை குனிந்தார்.

“விட்டுப்போகலைம்மா. நானாத்தான் விட்டேன்.”

“ஏன்?”

“கூப்பிட்டா வந்துடுவா.”

“வரட்டுமே. அதுக்குத்தானே பாட்டு?”

“வந்தா போயிடுவாளே.”

அரிஸ்தோன் வாசல் பக்கம் பார்த்தார்.

“இப்ப அலைஞ்சுக்கிட்டாவது இந்தப் பக்கம் இருக்கா. கதவு ஆடினா எழுந்து போய்ப் பார்க்கிறேன். அக்கரைக்குப் போயிட்டா, நான் எதுக்கு எழுந்துக்கணும்?”

ஆசைதான் அது. அந்த மனிதருக்கு மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான்.

நிக்கரெத்தி கேட்டாள்.

“அவங்க அலையற இடத்துல குளிருமா?”

அரிஸ்தோனின் வாய் கோணியது.

“அவளுக்குக் குளிரே ஆகாதும்மா” என்றார். சொல்லிவிட்டு, குழந்தை மாதிரி விசும்பி அழுதார்.

அன்று அவள் வேறு பாடம் எதுவும் நடத்தவில்லை.

மறுநாள் காலையில் கல்லறையைச் சுற்றி ஊர் கூடியது. அரிஸ்தோன் பாடினார்.

“நீ தறியின் முன் அமர்ந்திருப்பாய். நூல் அறுந்தால் தறியையே திட்டுவாய். நீ சிரிக்கும்போது...”

தாளம் தப்பியது. யாழை விட்டுவிட்டார். பிறகு அவர் பேசியதில் சீரும் இல்லை, அடியும் இல்லை.

“குளோரீ, வாடி. உள்ளே வந்துடு. நனைஞ்சிருப்பே.”

காற்று அடித்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். அவர் கல்லின்மேல் கையை வைத்தபடி நின்றார், பக்கத்தில் யாரோ உட்கார இடம் விட்டவர் போல.

கடைசியில் சொன்னார்.

“சரி, ஓடக்காரன் நிக்கிறான். போயிட்டு வா.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பூசாரி நிக்கரெத்தியின் பக்கம் குனிந்தார்.

“செத்தவங்களைப் போகத்தான் சொல்லணும். ‘வா’ன்னு சொல்லிட்டாரே. கடைசிச் சொல் தப்பாச்சே, திருத்தக் கூடாதா?”

“இருக்கட்டும்” என்றாள் நிக்கரெத்தி.