முகத்துவாரத்தில் கிடந்த கல்

வெண்கழித் துறையின் தலைவர் சேந்தனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அவருடைய குரு பூதியம்மைக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஊர் இதைச் சொல்லிச் சிரித்தது. சேந்தன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தப் புயலிலும் கப்பலை ஓட்டிவிடுவார். நாலு மனிதர்கள் சேர்ந்து சண்டை போட்டால் அவருக்குக் கை கால் ஓடாது. அதனால்தான் அவளிடம் போனார்.

அன்று முகம் தொங்கிப்போய் வந்தார்.

"வணிகர் சபை கூடிக் கூடிக் கலையுது தாயே. ஒருத்தரும் இறங்கி வரமாட்டேங்கிறாங்க."

விஷயம் இதுதான். சரக்கில்லாமல் வரும் கப்பல் அலையில் சாயாமலிருக்க அடித்தட்டில் கல் ஏற்றி வருவார்கள். துறைக்குள் நுழையுமுன் அதை முகத்துவாரத்திலேயே கொட்டிவிடுவார்கள். கரைக்குக் கொண்டுபோய் இறக்கினால் கூலி ஆகும், ஒரு பகல் வீணாகும். கடல்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?

இப்படித் தலைமுறை தலைமுறையாகக் கொட்டியதில் கல்லோடு மணல் சேர்ந்து துறையின் வாயே அடைபடத் தொடங்கியது. உள்ளே இருந்த உப்பங்கழிக்குள் புதுத் தண்ணீர் புகவில்லை. மீன் செத்து மிதந்தது. வலைக்காரர் வீடுகளில் உலை ஏறவில்லை. பெரிய கப்பல்கள் வெளியிலேயே நின்றன. காற்று திரும்புவதற்குள் முடிவு வராவிட்டால் வேறு துறை பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எல்லாரும் இன்னைக்கே நிறுத்தணும்னு மேலைக்கடல் வணிகர் சொல்றார். தீவு வணிகர் எகிறுறார். 'நீங்க காலங்காலமா கொட்டிக் கொழுத்தீங்க. நாங்க நேத்து வந்தவங்க. எங்களுக்கு மட்டும் சட்டமா?'ங்கிறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? யார் முதல்ல இறங்கி வரணும்னு உங்ககிட்டக் கேக்கத்தான் வந்தேன்."

பூதியம்மை எழுந்தாள்.

"படகு இருக்கா?"

கடல் வற்றியிருந்த நேரம். முகத்துவாரத்துத் திட்டு வெளியே தெரிந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில் இறங்கினாள். பின்னால் இறங்கிய சேந்தன் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டதும் துள்ளினார்.

"பாருங்க தாயே! இது மேலைக்கரைக் கல். நம்ம பக்கம் இந்த நிறமே கிடையாது. இதைக் கொண்டுபோய்ச் சபையில வெச்சா அவர் வாயே திறக்கமாட்டார்."

"மேலைக்கரைக்குப் போன உங்க கப்பல் வெறுமனே திரும்பி வந்தா, அடித்தட்டுல என்ன இருக்கும்?"

கையிலிருந்த கல்லைப் பார்க்கவே சேந்தனுக்கு வெட்கமாக இருந்தது.

பூதியம்மை குனிந்து ஒரு கல்லை எடுத்துப் படகில் போட்டாள். பிறகு இன்னொன்று.

"என்ன செய்றீங்க தாயே?"

"கல் எடுக்கிறேன்."

"அது யார் கொட்டின கல்லோ!"

"கனமான கல். ஒரு கை பிடிங்க."

பிடித்தார்.

சபைக்கு வந்த வணிகர்கள் கரையில் கூடி வேடிக்கை பார்த்தார்கள். துறைத்தலைவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒருவர் கேட்டார். "இல்லை இல்லை. இதைக் காட்டி நம்ம தலையில எதையோ கட்டப் பார்க்கிறார்," என்றார் தீவு வணிகர்.

படகு நிறையக் கல்லோடு சேந்தன் கரையேறினார். உடம்பெல்லாம் சேறு.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எங்க வீடும் கொட்டியிருக்கு," என்றார். "கொட்டினதை நாங்களே எடுக்கிறோம். எங்க கப்பல் உள்ளே வர்றப்பல்லாம் இந்தத் திட்டுலேர்ந்து ஒரு படகுக் கல் கரைக்கு ஏறும். தீவுக்காரரே, நீங்க நேத்து வந்தவங்க. உங்களை எடுக்கச் சொல்லலை. இனிமே கொட்டாம இருந்தாப் போதும். இறக்கப் படகு இல்லேன்னா எங்க படகை எடுத்துக்குங்க."

தீவு வணிகர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். சண்டை போடத்தான் ஆளில்லை.

"கொட்டமாட்டோம்," என்றார் கடைசியில்.

எல்லோரும் மேலைக்கடல் வணிகரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். மறுபடியும் செருமினார்.

"நாங்க தலைவரோட பாட்டனுக்கும் முந்தியே இங்க கொட்டினவங்க. எங்க கப்பலுக்கு ரெண்டு படகு."

அதோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். உன் படகு சின்னது, என் படகு பெரியது என்று தினம் ஒரு வழக்கு வந்தது. ஒரு கப்பல் மழையோடு மழையாக யாருக்கும் தெரியாமல் கல்லைக் கொட்டிவிட்டு நல்ல பிள்ளைபோல உள்ளே வந்தது. சரக்கும் இல்லை, கல்லும் இல்லை; வெற்று அடித்தட்டே அதைக் காட்டிக்கொடுத்தது. துறையில் ஒருவரும் அதற்குச் சரக்கு கொடுக்கவில்லை. சேந்தன் சொல்லி இல்லை. தீவு வணிகர்தான் முதலில் மாட்டேன் என்றார். அந்தக் கப்பல் கொட்டிய இடத்துக்கே திரும்பிப்போய்க் கல் பொறுக்கியது.

படகு படகாகக் கல் கரையேற, திட்டு தாழ்ந்தது. காற்று திரும்புவதற்கு முன்னால் ஒரு பெரிய கடலேற்றம் வந்தது. கடல் தடையில்லாமல் கழிக்குள் பாய்ந்தது. அந்தத் தண்ணீரோடு, வெளியில் கிடந்த கப்பல்களிலேயே பெரியது, பாய் விரித்தபடி உள்ளே வந்தது. சங்கும் பறையும் காதைப் பிளந்தன. வலைக்காரப் பெண்கள் குலவையிட்டார்கள். சேந்தன் அத்தனை பேர் நடுவில் வெட்கமில்லாமல் அழுதார். ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது.

கழுத்தில் போட்ட மாலை வாடுவதற்குள் அவர் பூதியம்மையிடம் ஓடிவந்தார்.

"ஜெயிச்சிட்டோம் தாயே! ஒப்பந்தத்தைத் தூண்ல பொறிக்கப் போறாங்க."

"நல்லது."

"ஆனா அதுலயும் ஒரு சண்டை. முதல்ல யார் பேருன்னு. முதல்ல வந்தது நாங்கங்கிறார் மேலைக்கடல்காரர். முதல்ல ஒத்துக்கிட்டது நாங்கங்கிறார் தீவுக்காரர். கல் எடுத்ததே நம்ம தலைவர்தான்னு ஊர் நிக்குது. கல்தச்சன் உளியை வெச்சிக்கிட்டுக் காத்திருக்கான்."

பூதியம்மை வாய்விட்டுச் சிரித்தாள்.

"முதல் வரியைக் காலியா விடச் சொல்லுங்க."

"யாருக்குத் தாயே?"

"இந்தத் துறைக்கு வரப்போற, இன்னும் பிறக்காத மாலுமிக்கு."