இரண்டு மருத்துவச்சிகளும் கல்லுப்பூதமும்

பூதங்கள் பட்டப்பகலில் ஊருக்குள் வந்து போகும், யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ள மாட்டார்கள், அப்படியொரு காலம். வெகு வெகு காலத்துக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நொச்சிவனம் என்றொரு நாடு இருந்தது. அதன் அரசி வடிவாம்பிகை முழுகாமல் இருந்தாள்.

நாட்டில் பேர் பெற்ற மருத்துவச்சிகள் இரண்டு பேர். மூத்தவள் உலகம்மை. ராஜாவையே பூமிக்குக் கொண்டுவந்த கை அவளுடையது. அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. இளையவள் வஞ்சிக்கொடி, உப்பளத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்ப்பவள். அரசி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். பேசி முடித்து, "எனக்கு வஞ்சிக்கொடி பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

உலகம்மைக்கு வயிறு எரிந்தது.

வஞ்சிக்கொடி வீட்டு வாசலுக்கு அரண்மனைப் பல்லக்கு வந்தது. உலகம்மைக்கு வயிறு எரிந்தது. வளைகாப்பில் வஞ்சிக்கொடியை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். உலகம்மைக்கு இன்னும் எரிந்தது. "என்ன ராசியான கை!" என்று ஊரே அவளைக் கொண்டாடியது. அவ்வளவுதான், உலகம்மை எழுந்து நேரே ஊருக்கு வெளியே இருந்த கல்லுக்குழிக்குப் போனாள். இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். நாற்பது வருஷம் பார்த்த வேலையை நேற்று வந்தவளுக்குத் தூக்கிக் கொடுத்தால் உங்களுக்கு மட்டும் குளுகுளுவென்று இருக்குமா?

கல்லுக்குழியில் கல்லுப்பூதம் சப்புக்கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வா உலகம்மா, வா! வாசனை காத தூரத்துக்கு வருது. எனக்குச் சாப்பாடே பொறாமைதான். நீ பூசை போட வேண்டாம், பொங்கல் வைக்க வேண்டாம். வயிறு எரிஞ்சுகிட்டே இருந்தா போதும். பிரசவம் பார்க்க அவ கையை நீட்டினா, அந்தக் கை கல்லு. நீ எரியிற வரைக்கும் கல்லு."

"அரசிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

"ஏன் ஆகப்போகுது? உன்னைக் கூப்பிடுவாங்க. நீ போய்ப் பிள்ளையை எடுப்பே. பேர் யாருக்கு?"

"எனக்கு" என்றாள் உலகம்மை. சொல்லும்போதே நாக்கு தித்தித்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் அரசிக்கு வலி எடுத்தது. வஞ்சிக்கொடி கையை நீட்டினாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கல்! தோழிகள் அலறினார்கள். வஞ்சிக்கொடி அழவில்லை, மறைக்கவும் இல்லை.

"என் கை உதவாது. ஓடுங்க, உலகம்மை அக்காவைக் கூட்டிட்டு வாங்க!"

உலகம்மை வெற்றிலையை மென்றுகொண்டு, ராணி மாதிரி உள்ளே வந்தாள். அரசியின் வயிற்றைத் தொட்டாள். மெல்லுவது நின்றுவிட்டது. பிள்ளை கால் முன்னே வந்துகொண்டிருந்தது. மேலே ஒருத்தி வயிற்றை அணைத்துப் பிடிக்க வேண்டும், கீழே ஒருத்தி வாங்க வேண்டும். பழகாத கை பிடித்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். பழகிய கையோ அங்கே கல்லாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

'பூதமே, போதும் விடு!' என்று மனசுக்குள் கத்தினாள். கை கல்லாகவே இருந்தது.

"நான்தான் செஞ்சேன் வஞ்சி, என்னை மன்னிச்சிடு" என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்போதும் கல்தான். வாய் மன்னிப்புக் கேட்டதே தவிர, 'இருந்தாலும் என்னை விட்டுட்டு இவளையா?' என்று உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிச்சலை நிறுத்து என்றால் நிற்குமா?

அரசியின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. உலகம்மை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"மகாராணி, என்கிட்ட என்ன குறை? ஏன் இவ?"

அரசி பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "கை மீறிப் போனா என்ன செய்வீங்கன்னு ரெண்டு பேரையும் கேட்டேன். என் கை மீறாதுன்னு நீங்க சொன்னீங்க." வலி வந்து போனது. "உலகம்மை அக்காவைக் கூப்பிடுவேன்னு இவ சொன்னா. இவளை வச்சுக்கிட்டா எனக்கு ரெண்டு பேரும் கிடைப்பீங்க. அதான்."

உலகம்மை வஞ்சிக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். உலகம்மைக்கு அழுகை பொங்கி வந்தது. இத்தனை நாள் இவளையா திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. எரிச்சல் எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை. கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கல்லுக்குழியில் பூதம் "ஐயோ பசி!" என்று கத்திக்கொண்டு நாட்டை விட்டே ஓடியது.

"மேலே பிடிம்மா. இன்னும் கொஞ்சம் கீழே. அப்படித்தான் கண்ணு, விட்டுடாதே!"

அவள் பிடித்தாள், இவள் வாங்கினாள். பெண் குழந்தை. வந்ததும் வராததுமாக வீல் என்று கத்தியது.

நொச்சிவனத்தில் ஒரு வழக்கம். தொப்புள்கொடியை எவள் அறுக்கிறாளோ அவள் எடுத்த பிள்ளை என்றுதான் ஊர் சொல்லும். உலகம்மை கத்தியை நீட்டினாள்.

"நீ அறு வஞ்சி."

"ஐயோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க அறுங்கக்கா."

"உன்னைத்தானே கூப்பிட்டாங்க?"

"உங்களாலதானே பிள்ளை வந்துச்சு?"

"யாராவது அறுங்களேன்!" என்று அரசி போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற ராஜாவுக்கே தூக்கிவாரிப் போட்டது.

அன்று முதல் அந்த நாட்டில் எந்த வீட்டில் வலி எடுத்தாலும் ஒரே பல்லக்கில் இரண்டு பேரும் போனார்கள். இளவரசியின் கொடியை அறுத்தது யார் என்று உலகம்மையைக் கேட்டால் வஞ்சி என்பாள். வஞ்சியைக் கேட்டால் அக்கா என்பாள்.